திவானின் நடுகல்

மார்ச் 3, ஞாயிறு

உரக்கடைக்காரன் பொங்கலுக்குக் கொடுத்த இந்த டைரி இரண்டு மாதமாக என் ஆம்ப்ளிஃபயருக்கு அடியில் முட்டுக்கொடுத்துக் கிடந்தது. இன்று உருவி எடுத்துவிட்டேன். ஆம்ப்ளிஃபயர் சாய்ந்தால் சாயட்டும். கோமதிநாயகம் போட்ட சபதம் எழுத்தில் ஏறாமல் போனால் சரித்திரமே சாய்ந்துவிடும்.

என் தங்கை சண்முகவடிவின் ஒரே மகள் ஆவுடை. நில அளவையர். நான் சொல்வதில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டு மீதியையும் சங்கிலி பிடித்து அளந்து பார்க்கிறவள். அவள் சொந்தச் சம்பாத்தியத்தில் ஊருக்கு மேற்கே வீடு கட்டியிருக்கிறாள். வைகாசி ஆறாம் தேதி பால்காய்ப்பு. தாய்மாமன் சீராக என்ன வேண்டும் என்று கேட்டேன். பட்டு, பாத்திரம், பீரோ, வேண்டுமானால் ஒரு ரயில் வண்டி, எதையும் கேட்கலாம் என்றேன்.

"ஒண்ணும் வேண்டாம் மாமா. திவான் மாதிரி ஒரு கன்னி நாய்க்குட்டி போதும்" என்றாள்.

அவ்வளவுதான். இன்று காதுகுத்து வீட்டில் மைக் என் கையில் இருந்தது. ஒன்பது தெருவுக்குக் கேட்கிற மாதிரி அறிவித்தேன்: "இருபத்தோரு தலைமுறைக்குக் கலப்பில்லாத, காற்றுக்கே மூச்சு வாங்க வைக்கிற, வேட்டைக்கென்றே பிறந்த கன்னி நாய்க் குட்டி, தாய்மாமன் சீராக மேளதாளத்துடன் வருகிறது!" கை தட்டினார்கள். இனிப் பின்வாங்க முடியாது.

திவானைத் தெரியாதவர்களுக்காக எழுதிவைக்கிறேன். கறுத்த உடம்பு, செம்பழுப்புக் கால், புருவத்துக்கு மேல் இரண்டு பொட்டு. வலது முன்னங்காலில் ஒரு விரல் மட்டும் வெள்ளை. என்னிடம் மூன்று வருடம் இருந்தான். ஆவுடை கல்லூரியிலிருந்து வந்தால் பையைக் கூட இறக்காமல் அவனோடு ஓடுவாள். ஏழு வருடத்துக்கு முன், அவள் சர்வே பயிற்சிக்குப் போயிருந்த மாதத்தில், கடலைக் காட்டுக்குள் இறங்கிய காட்டுப்பன்றியைத் திவான் தன்னந்தனியாக மலையடிவாரம் வரை விரட்டிப்போய், அங்கே வீரமரணம் அடைந்தான். அந்த இடத்தில் நானே ஒரு நடுகல் வைத்தேன். வருடா வருடம் மாட்டுப் பொங்கலுக்கு ஆவுடை அங்கே விளக்கேற்றி, அவித்த முட்டை ஒன்று வைத்துவிட்டு வருவாள்.

இந்தக் கதையை மைக்கில் சொன்னால் கந்துவட்டிக்காரனும் கண்ணைத் துடைப்பான். முதலில் பன்றி கன்றுக்குட்டி அளவுதான் இருந்தது. இப்போது மினி பஸ் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. கதையையும் தீனி போட்டுத்தானே வளர்க்க வேண்டும்.

மார்ச் 10, ஞாயிறு

கழுகுமலைக்கு அந்தப் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊர். கன்னி நாய் என்றால் கொண்டம்மாள் வீடுதான் என்று நாலு பேர் சொன்னார்கள். வேனை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் 'கோமதி சவுண்ட் சர்வீஸ்' என்று ஆளுயர எழுத்து. வாசலில் நிறுத்தி என் மூன்று சுதி ஹார்னை ஒரு முழக்கு முழக்கினேன். சக்கரவர்த்தி வந்தால் முரசு ஒலிக்க வேண்டாமா?

வேம்படியில் படுத்திருந்த நாய்கள் தலையைத் தூக்கின. அதில் முகம் நரைத்த கிழட்டு நாய் ஒன்று எழுந்து நின்று வண்டியைப் பார்த்தது. பிறகு சோளத்தட்டை அடுக்கிய படப்புக்குப் பின்னால் போய்விட்டது.

கொண்டம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் கூழ் வாளி. போகிற நாயைப் பார்த்தாள், வண்டியில் இருந்த எழுத்தைப் பார்த்தாள், அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

"என்ன வேணும் அண்ணாச்சி?"

"குட்டி பாக்க வந்தேன் தாயி."

"குட்டி போட்டு எட்டு நாளுதான் ஆவுது. இன்னும் கண்ணே தொறக்கல. எதுக்குக் கேக்கீய? முயலு வேட்டைக்குன்னா இப்பவே வண்டியத் திருப்பிருங்க. அதுக்குச் சட்டமும் கெடையாது, எங்கிட்டக் குட்டியும் கெடையாது."

"சேச்சே! மருமகளுக்குச் சீரு வைக்க!"

"சீரு வைக்க நாயி என்ன குத்துவெளக்கா?"

நாற்பது வருடம் மைக் பிடித்தவன் நான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

அவள் சட்டதிட்டங்களைக் கேளுங்கள். அவர்கள் வீட்டில் கன்னியை விற்பதில்லையாம். பெண் கேட்கிற மாதிரி தேங்காய், பழம், வெற்றிலை பாக்கோடு வந்து கேட்க வேண்டுமாம். அவள் வந்து வீடு பார்ப்பாளாம். ஐம்பது நாள் தாயிடம் இருந்து, ஊசி போட்ட பிறகுதான் தருவாளாம். வருடத்துக்கு ஒரு தாய்க்கு மேல் குட்டி எடுக்க மாட்டாளாம். சங்கிலி போடுகிற வீட்டுக்கு அறவே கிடையாதாம்.

"நாளைக்கி வச்சிக்கிட முடியலன்னா எங்கிட்டத்தான் திருப்பிக் கொண்டாந்து விடணும். இன்னொருத்தருக்குத் தூக்கிக் குடுக்கக் கூடாது. இதுக்கு முன்ன நாயி வளத்திருக்கீயளா?"

"வளத்திருக்கேனாவா?"

"அது என்னாச்சு?"

விடுவேனா? காட்டையும் இருட்டையும் பன்றியின் தந்தத்தையும் அங்கேயே இறக்கினேன். கடைசிக் கட்டத்தில் என் குரல் தானாகவே உடையும். அதுவும் உடைந்தது. அவள் கூழ் வாளியை மூடினாள்.

"சரி" என்றாள்.

மார்ச் 11, திங்கள்

சரியாம். சரி!

மார்ச் 17, ஞாயிறு

பேனா முனை காகிதத்தைக் கிழிக்கிறது. எழுத்து கோணினால் கொண்டம்மாள்தான் பொறுப்பு.

தாம்பாளத்தில் தேங்காய், பூவன் பழம், வெற்றிலை, கொட்டைப்பாக்கு, ஒரு பந்து மல்லிகை. ஒரு நாயின் மகளைப் பெண் கேட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பட்டப்பகலில் போன முதல் மனிதன் நான். சங்கரன்கோவில் தாலுகாவில் இது நடந்ததில்லை. மூவேந்தர் நாட்டிலும் நடந்திருக்காது.

தாம்பாளத்தை வாங்கிக் கயிற்றுக் கட்டிலில் வைத்துவிட்டு மறுபடியும் கேட்கிறாள்: "அந்த மொத நாயி என்னாச்சுன்னு சொன்னீய?"

"அதான் சொன்னேனே தாயி!"

"ரெண்டாந்தாரத்துக்குப் பொண்ணு கேட்டு வந்தா, மொதத் தாரம் என்னாச்சுன்னு விசாரிக்க மாட்டமா? இன்னொருக்க சொல்லுங்க. நிதானமாச் சொல்லுங்க."

இன்னொரு தடவை சொன்னேன். கதையின் நடுவில் இரண்டாவது பன்றி ஒன்று புகுந்துவிட்டது.

"போன வாரம் ஒத்தப் பன்னின்னீய."

"கூட வந்தது சின்னது. சொல்ல விட்டுப்போச்சு."

"சரி. வீட்டுல வளக்கப் போறது யாரு?"

"மருமக."

"அப்போ அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. நான் தரகர்கிட்டப் பேசி முடிக்கிறதில்ல."

தரகர்! தாய்மாமனைப் பார்த்துத் தரகர்! மடியில் வைத்துக் காது குத்தியவனை, சடங்குக்குப் பச்சை ஓலை கட்டியவனை! வேனை அந்த வீட்டுக்குள்ளேயே விட்டு ஏற்றலாமா என்று வந்தது. ஏற்றவில்லை. வண்டிக்குப் போனால், அந்தக் கிழட்டு நாய் வந்து முன் டயரை மோந்துகொண்டிருந்தது. நாய்களுக்கு டயர் என்றால் அப்படி ஒரு பிரியம். கழுத்தைச் சுற்றி வளையமாக மயிர் இல்லை. ஏதோ சொறி போல. புல்லுக்குள் நின்றதால் கால் தெரியவில்லை. நான் பார்க்கவும் இல்லை.

மார்ச் 25, திங்கள்

பங்குனி உத்திரம். நான்கு கோயிலுக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டினேன். சாஸ்தா கோயிலில் இளவட்டங்கள் திவான் கதை கேட்டார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 3, புதன்

உலகத்தில் கொண்டம்மாள் ஒருத்திதானா நாய் வைத்திருக்கிறாள்? போனில் விசாரித்தேன். திருவேங்கடம் ரோட்டில் ஒருவன், "சுத்தக் கன்னி அண்ணாச்சி, இப்பவே தூக்கிட்டுப் போலாம்" என்றான். தேங்காய் வேண்டாம், வெற்றிலை வேண்டாம், ஒரு கேள்வி கிடையாது. இதுவல்லவோ வியாபாரம்!

புளியமரத்தடியில் அட்டைப்பெட்டியோடு நின்றான். உள்ளே ஒற்றைக் குட்டி. நிற்கக்கூடத் தெரியவில்லை. வெயிலில் நாக்கு தொங்குகிறது. தாய் எங்கே என்றேன், தோட்டத்தில் இருக்கிறது என்றான். எந்தத் தோட்டம் என்றால் மேற்கே கையைக் காட்டுகிறான். கேரளா வரைக்கும் அவன் தோட்டம்தான் போலிருக்கிறது. வாய் உலர்ந்திருக்கிறதே என்று துண்டை நனைத்துக் குட்டியின் முகத்தைத் துடைத்தேன். துண்டு கறுப்பாகிவிட்டது. தலைச்சாயம்! அடியில் இருந்தது சாம்பல் நிறத் தெருக்குட்டி.

நான் போட்ட சத்தத்தில் புளியம்பழம் உதிர்ந்தது. இதில் மிகை ஒன்றுமில்லை, இரண்டு பழம் என் கண் முன்னால் விழுந்தது. "பச்சைப் பிள்ளையப் பொய்ப் பேரு சொல்லித் தள்ளிவிடுதியே, நீயெல்லாம் மனுசனாலே?" என்று கத்தினேன். அவன் ஓடிவிட்டான். குட்டியை அருகிலிருந்த மாட்டு ஆஸ்பத்திரி கம்பவுண்டர் வாங்கி வைத்துக்கொண்டார்.

வரும் வழியெல்லாம் நான் கத்தியது என் காதிலேயே இரைந்துகொண்டு வந்தது. வேனில் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

வீடு பார்க்கக் கொண்டம்மாள் வந்தாள். ஆவுடை வேலைக்குப் போயிருக்கும் கிழமையாகப் பார்த்துத்தான் வரச் சொன்னேன். சீர் கொடுக்கிற வரைக்கும் ரகசியம் காக்க வேண்டும் அல்லவா. காரணம் அதுதான். வேறில்லை.

புதுவீட்டை ஒரு கவர்னர் சுற்றிப் பார்த்திருக்க மாட்டார் இப்படி. சுற்றுச்சுவரில் இடைவெளி இருக்கிறதா, கேட்டுக் கம்பிக்குள் தலை மாட்டுமா, ஓட எவ்வளவு இடம், பக்கத்துக் காட்டில் எலி மருந்து வைக்கிறார்களா. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைக் கூடத் தடவிப் பார்த்தாள்.

"எடம் நல்லாத்தான் இருக்கு. அந்தப் பிள்ளை எங்க?"

"டவுனுக்குப் போயிருக்கு. அடுத்த வாரம் கூட்டியாரேன்."

அவள் படியில் உட்கார்ந்தாள். என்னையும் உட்காரச் சொன்னாள். என் மருமகள் வீட்டுப் படியில் என்னையே!

"அண்ணாச்சி, கடைசியாக் கேக்கேன். மொத நாயி என்னாச்சு?"

மூன்றாவது தடவை! கோர்ட்டில் கூட இப்படிக் கேட்க மாட்டார்கள். எனக்குள் எரிமலை வெடித்தது. பன்றி இரண்டு, கூடவே ஒரு சிறுத்தை, மழை, இடி, ஆற்று வெள்ளம், எல்லாவற்றையும் கொட்டினேன். திவான் என் மடியில் தலை வைத்துக் கண்ணை மூடியதைச் சொன்னபோது எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். இந்தத் தடவை 'சரி' கூடச் சொல்லவில்லை. போகும்போது கேட்டில் மாட்டியிருந்த, ஆவுடையின் பேரும் போன் நம்பரும் எழுதிய போர்டைக் கொஞ்சநேரம் படித்தாள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரைப் பிறப்பு. ஆவுடை வந்து காலில் விழுந்தாள். எழுந்திருக்கும்போதே சிரிப்பு.

"மாமா, கழுகுமலைப் பக்கத்துல இருந்து ஒரு அக்கா போன் பண்ணாங்க. வர்ற ஞாயித்துக்கெழம குட்டிக்கு அம்பதாவது நாளாம். என்னையக் கட்டாயம் வரச் சொன்னாங்க. எங்கிட்டச் சொல்லாம எத்தன தடவ அலைஞ்சிருக்கீங்க!"

"நீ வந்தா சீரோட மரியாதை போயிரும்ளா. நான் போய்த் தூக்கிட்டு வாரேன்."

"நான் வாரேன் மாமா. ஞாயித்துக்கெழம எனக்கு லீவுதான."

வேன் ரிப்பேர் என்றேன். பஸ் இருக்கே என்றாள். எனக்கு உடம்பு சரியில்லை என்றேன். அப்ப நான் மட்டும் போயிட்டு வாரேன் என்றாள். உடனே உடம்பு சரியாகிவிட்டது என்றேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

போனோம்.

ஹார்ன் அடிக்கவில்லை.

நான்கு குட்டிகள். எல்லாம் கறுப்புப் பட்டு. ஆவுடை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒன்று அவள் துப்பட்டாவை இழுத்தது. நான் படப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, குட்டிகளின் வம்சப் பெருமையைச் சத்தமாகப் பேசினேன். நிறுத்தாமல் பேசினேன். நிறுத்தினால் என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

பின்னால் காய்ந்த தட்டை நொறுங்கியது. ஆவுடை நிமிர்ந்து என் தோளுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். முதலில் அதன் முகத்தைப் பார்த்தாள். பிறகு காலைப் பார்த்தாள், வலது முன்னங்காலை.

"திவானு" என்றாள். கூப்பிடவில்லை. சும்மா சொன்னாள்.

கிழட்டு நாய் காதை மடித்துக்கொண்டு நடந்து வந்தது. என்னைத் தாண்டிப் போனபோது என் வேட்டியை மோந்து பார்க்கக்கூட இல்லை. அவள் மடியில் தாடையை வைத்தது. கல்லூரி விட்டு அவள் வந்து உட்கார்ந்ததும் வைக்குமே, அதே மாதிரி.

ஆவுடை அழவில்லை. அளவைக்காரி அல்லவா. அந்தக் கழுத்து வளையத்தில் விரலை வைத்து, சுற்றி முழுக்க ஒரு தடவை அளந்தாள்.

"இது எங்க இருந்துச்சுக்கா?"

"செங்கச் சூளையில. ரெண்டு வருசத்துக்கு முன்ன மாட்டு டாக்டரு போன் போட்டாரு, கன்னி ஒண்ணு சாகக் கெடக்குன்னு. போய்ப் பாத்தா நாலடிச் சங்கிலி. அதுக்கு முன்ன அஞ்சு வருசம் அதே நாலடிதான். கழுத்துக்குள்ள இரும்பு ஏறியிருந்துச்சு. சூளைக்காரர்கிட்டக் கேட்டேன், எங்க வாங்குனதுன்னு. சங்கரன்கோயில் மைக்செட்டுக்காரரு குடுத்தாருன்னாரு."

"எந்தச் சூளை?"

கொண்டம்மாள் சொன்னாள். ஆவுடை கண்ணை மூடிக்கொண்டாள். கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது.

"நம்ம தெருவுல இருந்து பதினோரு கிலோமீட்டரு மாமா" என்றாள். "நான் அந்த ரோட்ட அளந்திருக்கேன்."

அவள் விரல் இன்னும் அந்தக் கழுத்து வளையத்திலேயே இருந்தது.

"வெளக்கு வச்சனே, அந்தக் கல்லுக்கு அடியில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா."

கொண்டம்மாளாவது கத்தியிருக்கலாம். அவளும் கத்தவில்லை. "மூணு வாட்டி கேட்டேன் அண்ணாச்சி. ஒரு வாட்டி நெசத்தச் சொல்லியிருந்தா நல்லா ரெண்டு வைஞ்சிட்டு, குட்டியத் தூக்கிக் குடுத்திருப்பேன். தப்புப் பண்ணாதவன் யாரு? நீங்க வரவரப் பன்னியத்தான் கூட்டுனீய" என்றாள்.

ஆவுடை அவளிடம், "குட்டி வேண்டாம்க்கா. இவனத் தாங்க" என்றாள்.

கொண்டம்மாள் தன் நோட்டை எடுத்து வந்தாள். எந்த நாய் எந்த வீட்டில் இருக்கிறது என்று எழுதிவைக்கிற நோட்டு. ஆவுடை கையெழுத்துப் போட்டாள். கொண்டம்மாள் பக்கம் புரட்டியபோது தலைகீழாகப் படித்ததில், நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'குட்டி கிடையாது' என்ற தலைப்பும் அதன் கீழ் ஏழெட்டுப் பெயரும் தெரிந்தன. முதல் பெயர் என்னுடையது. மை பழசு. மார்ச் மாதத்து மை அல்ல.

திவான் வேனில் ஏறவில்லை. கதவைத் திறந்ததும் நான்கு காலும் நடுங்கி, நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டான். ஆவுடை ஒரு லோடு ஆட்டோ பிடித்தாள். பின்னால் சாக்கு விரித்து அவனோடு உட்கார்ந்துகொண்டாள். நான் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 22, திங்கள்

அந்தக் கொண்டம்மாள் மேல் வழக்குப் போடுவேன். முதல் நாளே தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டே தேங்காய் வாங்கியிருக்கிறாள், பழம் வாங்கியிருக்கிறாள், மல்லிகையைத் தலையில் கூட வைத்தாள்! நல்லவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பொய் பேசவைக்கிற பொம்பிளை! நான் பாட்டுக்கு ஒரு பன்றியோடு நிறுத்தியிருப்பேன். சிறுத்தையை வரவழைத்தது அவள். சூளைக்காரன் மேலும் வழக்குப் போடுவேன். நாயைக் கொடுத்தால் வளர்க்க வேண்டும், இரும்பில் கட்டுவதா? மாட்டு டாக்டர் மேலும் போடுவேன். லோடு ஆட்டோக்காரன் மேலும் போடுவேன், அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

ஏப்ரல் 26, வெள்ளி

ஆவுடை போன் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால் சண்முகவடிவு கதவைப் பாதி திறந்து, "அண்ணே, இப்பம் வேண்டாம்" என்கிறாள். கூடப்பிறந்தவள்!

ஒரு டைரியிடம் என்ன கௌரவம் பார்க்க? எழுதித் தொலைக்கிறேன்.

பன்றி வரவே இல்லை. அந்த வருடம் சூளைக்காரர்தான் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தலைவர். மூன்று நாள் கொடைக்கு யாருடைய மைக்செட் என்பது அவர் கையில் இருந்தது. என் கடையில் திவானைப் பார்த்தார். "நாயி ஜோரா இருக்கே" என்றார். நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "உங்களுக்கு இல்லாததா? கூட்டிட்டுப் போங்க" என்றேன். அவன் போகமாட்டேன் என்று காலை ஊன்றினான். நான்தான் தூக்கி ஜீப்பில் வைத்தேன். அந்த வருடம் கொடைக்குப் பதினாறு குழாய் கட்டினேன். ஊரே மெச்சியது.

சூளையில் பெரிய இடம், நன்றாக ஓடுவான் என்று நினைத்தேன். நினைத்ததாக நினைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து அந்த வழியாகப் போனபோது வழக்கம்போல ஹார்ன் அடித்தேன். பனைமரத்தடியில் சங்கிலி இழுபட்டது. அவன் பின்னங்காலில் நின்று, கழுத்து நெரிய, வண்டியைப் பார்த்துக் குரைத்தான். வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

ஆவுடை பயிற்சி முடிந்து வந்து கேட்டாள். வாயில் பன்றி வந்தது.

மே 5, ஞாயிறு

சண்முகவடிவு வந்தாள். உட்காரவில்லை.

"ஆவுடை சொல்லச் சொன்னா. பால்காய்ப்புக்கு நீ வரணுமாம். மொறைக்காரன் வராம வீட்டுக்குள்ள போக மாட்டாளாம்."

எனக்கு மூச்சு திரும்பியது. சீருக்கு என்ன கொண்டுவர என்றேன்.

"அந்தக் கல்லத் தோண்டி எடுத்துட்டு வரணுமாம். தாம்பாளத்துல வச்சி, மொறையா, மேளத்தோட. வேற எதுவும் கொண்டாரக் கூடாதாம்."

"ஊரு கேக்குமேட்டி, என்னன்னு?"

"அதத்தான் நானும் கேட்டேன். 'கேட்டா மாமா பதில் சொல்லட்டும், அவருக்குத்தான் பேச நல்லா வருமே'ன்னா."

மகாக் கொடுமைக்காரி. ஒருத்தரையும் திட்டாமல், ஒரு சொல் அதிகம் பேசாமல், அங்குலம் பிசகாமல் அளந்து அடிக்கிறாள். யாரிடம் கற்றாளோ. என்னிடம் அல்ல.

மே 18, சனி

மலையடிவாரம். விடியும்போதே கடப்பாரையோடு போய்விட்டேன். கல் இரண்டடி. எழுத்து நானே வெட்டியது: 'வீரன் திவான்'. முன்னால் ஏழு அகல் விளக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் ஒன்று. முட்டை ஓட்டுத் துணுக்குகள் மண்ணோடு மண்ணாகக் கிடந்தன.

தோண்டினேன். அடியில் ஒன்றும் இருக்காது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? இருந்தும் கல் பெயர்ந்ததும் குனிந்து குழிக்குள் பார்த்தேன்.

அகல்களையும் எடுத்துக்கொண்டேன். குழியை மூடினேன்.

மே 19, ஞாயிறு

பால்காய்ப்பு.

முன்னால் இரட்டை நாயனம், தவில். பின்னால் சங்கரன்கோவில் தாலுகாவின் தலைசிறந்த தாய்மாமன், பட்டு வேட்டி, பட்டுத் துண்டு, தலையில் சும்மாடு, அதன் மேல் பித்தளைத் தாம்பாளம், தாம்பாளத்தில் ஒரு கல். அதைச் சுற்றி மல்லிகை. பூ இல்லாமல் சீர் எடுப்பதில்லை, அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கழுத்து இறங்கித் தோளுக்குள் போய்விட்டது. தெருவே வாசலுக்கு வந்தது.

"என்ன அண்ணாச்சி, அம்மிக்கல்லா?"

"ஆட்டுரலுக்குக் கொழவி வாங்கியாராரு போல!"

"எலே, எழுத்து இருக்குலே. அது திவானு கல்லுல்ல?"

வாசலில் ஆவுடை நின்றாள். பக்கத்தில் திவான். சங்கிலி இல்லை, கயிறும் இல்லை. கொண்டம்மாளும் வந்திருந்தாள், முதல் வரிசையில், என் எதிரியை வாழ்த்த வந்த பேரரசி மாதிரி. தாம்பாளத்தை இறக்கி வைத்தேன். பந்தலும் குழாயும் என்னுடையவை. மைக்கை யாரோ என் கையில் திணித்தார்கள். வழக்கம்தானே.

பந்தி பரிமாற வந்த சமையல்காரர் நாயையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணாச்சி, திவானு செத்துப்போச்சுன்னு அழுதுக்கிட்டே சொல்லுவீயளே. இந்த நாயி கழுத்துல இது என்ன வடு? இதயும் பன்னியா கிழிச்சிச்சு?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். முகத்தில் எல்லாம் கதை கேட்கிற ஆசை. சொல்லியிருக்கலாம். என்னிடம் இன்னும் யானை பாக்கி இருந்தது. திவான் செத்துப் பிழைத்த கதையை ஒன்றரை மணி நேரம் சொல்லியிருப்பேன். ஆவுடை என்னைப் பார்க்கவில்லை. கல்லில் இருந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பன்னி இல்ல" என்றேன். மைக் திறந்திருந்ததால் ஒன்பது தெருவுக்கும் கேட்டது. "இதான் திவான். இவன் சாகல. நான்தான் ஒரு கொடைக்கு மைக்செட் கெடைக்கணும்னு சூளைக்குத் தூக்கிக் குடுத்தேன். அங்க சங்கிலியில கெடந்தான். இந்தக் கல்லு பொய்க்கல்லு."

நாயனக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்தார். ஒருவரும் கை தட்டவில்லை. நாற்பது வருடத்தில் என் மிகச் சிறிய பேச்சு இதுதான். என் தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் காது வரைக்கும் எரிந்தது. மேடையை எரித்துவிடலாம், குழாயை உடைத்துவிடலாம், ஆனால் எல்லாமே என் சொந்தச் சாமான்.

அப்போதுதான் திவான் எழுந்தான். மெதுவாகக் கல்லிடம் வந்தான். மல்லிகையை மோந்தான். தன் பேரை மோந்தான். பிறகு பின்னங்காலைத் தூக்கி, அவசரமே இல்லாமல், முழுக்க நனைத்தான்.

தன் சமாதிக்குத் தானே அபிஷேகம் செய்த வீரன் மூன்று உலகத்திலும் இவன் ஒருவன்தான். இதில் ஒரு சொல் மிகை கிடையாது. இருநூறு பேர் சாட்சி.

கொண்டம்மாள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் பந்தல் முழுக்கச் சிரித்தது. ஆவுடையும் சிரித்தாள். என்னைப் பார்த்து அல்ல.

கல்லைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், எழுத்து அடியில் போகும்படி படுக்கப் போடச் சொன்னாள். அதன் மேல் அவன் சோற்றுச் சட்டி. தூக்கிப் போட்டது நான்தான், தனியாக. ஒருவரும் கை கொடுக்க வரவில்லை.

கிளம்பும்போது ஆவுடை கேட் வரைக்கும் வந்தாள். "காலையில அஞ்சரைக்கு அவன நடக்கக் கூட்டிட்டுப் போகணும். எனக்கு ஃபீல்டு இருக்கு" என்றாள். மாமா என்று சொல்லவில்லை.

மே 20, திங்கள்

ஐந்தரைக்குப் போனேன். வேனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, மீதியை நடந்தேன்.